தில்லி இடம் மாறிய வரிசையில் தில்லியைப் பாருங்கள்: ஐந்து நாள் முழு வழிகாட்டி

ஊரிலிருந்து தில்லிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடும் சுற்றுலா பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். காலையில் செங்கோட்டை, பத்தரைக்கு ராஜ்காட், மதியம் இந்தியா கேட், அப்புறம் தாமரைக் கோயில், மாலையில் குதுப் மினார். இரவு அறைக்குத் திரும்பும்போது எந்தக் கட்டடம் யாருடையது, எது முந்தியது என்று ஒன்றும் மனதில் நிற்பதில்லை. பெரிய பெரிய கற்களைப் பார்த்தோம், கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

தில்லி ஒரே இடத்தில் நின்று வளர்ந்த ஊர் இல்லை. மதுரைக்கு ஒரு மீனாட்சி கோயில் இருப்பதுபோல இதற்கு ஒரு நடு கிடையாது. வந்த அரசர்கள் ஒவ்வொருவரும் முந்தையவரின் ஊரை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளித் தனக்கென்று ஓர் ஊர் கட்டினார்கள். தெற்கே மெஹ்ரோலியில் தொடங்கி, கிழக்கே துக்ளகாபாத், யமுனைக் கரையோரம் புராணா கிலா, வடக்கே ஷாஜஹானாபாத் என்ற இன்றைய பழைய தில்லி, பிறகு வெள்ளைக்காரர்களின் புதுதில்லி என்று தலைநகரம் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த நகர்வு இன்னும் நிற்கவில்லை. அதனால் ஊர் எந்த வரிசையில் நகர்ந்ததோ அதே வரிசையில் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. நான் பிறந்தது நேதாஜி நகர் அரசுக் குடியிருப்பில். இப்போது மயூர் விஹாரில் இருக்கிறேன். இத்தனை வருடங்களில் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு சுற்றியதில் இந்த வரிசைதான் எல்லோருக்கும் பிடித்தது. போன மார்ச்சில் கும்பகோணத்து அத்தை வந்தபோதும் இப்படித்தான் போனோம். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அதனால் கீழே எழுதியிருப்பதை வயதானவர்களும் சமாளிக்கலாம்.

வருவதற்கு முன்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை வாருங்கள். ராஷ்டிரபதி பவன் தோட்டமான அம்ரித் உத்யான் அப்போது மக்களுக்குத் திறந்திருக்கும். சாலை நடுவில் எல்லாம் பூ. அடுத்த நல்ல சமயம் அக்டோபர் தொடக்கம். தீபாவளியை ஒட்டியும் நவம்பரிலும் காற்றில் புகை கலந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் தயவுசெய்து அப்போது வர வேண்டாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் குழந்தைகளோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். 45 டிகிரி வெயிலில் கோட்டைக்குள் நடப்பது யாருக்கும் சுகமில்லை.

எந்தக் கிழமையில் தொடங்குகிறோம் என்பது முக்கியம். திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், காந்தி ஸ்மிருதி ஆகியவற்றுக்கும் அன்றுதான் விடுமுறை. குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் விடுமுறை கிடையாது. அதனால் திங்கட்கிழமை குதுப் மினாரில் தொடங்கி வெள்ளிக்கிழமை முடிப்பதுபோல் திட்டமிடுங்கள். சென்னையிலிருந்து வெள்ளி இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் ஞாயிறு காலை புதுதில்லியில் இறங்கலாம். ஞாயிறு முழுக்கக் காலை நீட்டி ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் தெம்பாகக் கிளம்பலாம். மதுரை, கன்னியாகுமரிப் பக்கத்து ரயில்கள் சில நிஜாமுதீன் நிலையத்தோடு நின்றுவிடும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் "மெட்ரோ ஓடவில்லை", "உங்கள் ஹோட்டல் இருக்கும் ரோட்டை மூடிவிட்டார்கள்", "அரசு சுற்றுலா அலுவலகம் இதோ" என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். காதில் வாங்காமல் நேராக மெட்ரோவுக்குள் இறங்கிவிடுங்கள். என் சித்தப்பா இப்படி ஒருவர் பேச்சை நம்பி ஆட்டோவில் ஏறி, எங்கெங்கோ சுற்றி, இரண்டு மணி நேரம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

தங்குவதற்குக் கரோல் பாக் வசதி. மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது, நடுத்தர வாடகைக்கு அறை கிடைக்கும், இட்லி தோசைக்கும் அலைய வேண்டாம். தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பேட்டை அது.

மெட்ரோ ஸ்மார்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2002 டிசம்பரில் ஒரு சிறிய தடத்தில் தொடங்கிய மெட்ரோ இன்று நீங்கள் பார்க்க வேண்டிய எல்லா இடத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய் விடும். போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. ஆண்கள் அதில் ஏறினால் அபராதம். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரையும் மாலை ஆறிலிருந்து எட்டு வரையும் ராஜீவ் சௌக்கில் மாறுவதைத் தவிர்த்துவிடுங்கள். தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களுக்கு இந்தியர்களுக்குக் கட்டணம் 50 ரூபாய்க்குள்தான், 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். நுழைவாயிலில் இருக்கும் கியூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம்.

திங்கள்: மெஹ்ரோலி

மஞ்சள் தடத்தில் குதுப் மினார் நிலையம். அங்கிருந்து மினார் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோவில் போய்விடுங்கள். காலை ஏழரைக்குள் உள்ளே இருந்தால் கூட்டம் இருக்காது, கிளிகளின் சத்தம் மட்டும்தான்.

உள்ளே போனதும் எல்லோரும் மினாரை அண்ணாந்து பார்ப்பார்கள். சுமார் 73 மீட்டர் உயரம். 1199ஐ ஒட்டிக் குத்புதீன் ஐபக் தொடங்கினார், அவருடைய மருமகன் இல்துமிஷ் மேல் நிலைகளைக் கட்டினார், இடி விழுந்து சேதமானபோது பெரோஸ் ஷா துக்ளக் பழுது பார்த்தார். கீழே செம்மண் நிறம், மேலே வெள்ளைப் பளிங்கு கலந்திருப்பதைக் கவனித்தால் எங்கே கை மாறியது என்று தெரியும். 1981இல் உள்ளே படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்தார்கள், அதற்குப் பின் யாரையும் மேலே ஏற விடுவதில்லை.

ஆனால் நான் முதலில் அழைத்துப் போவது பக்கத்தில் இருக்கும் குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசல் முற்றத்துக்கு. 27 இந்து, சமணக் கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அங்கேயே வாயிலில் பாரசீகத்தில் பொறித்திருக்கிறார்கள். சுற்று மண்டபத்தின் தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பத்திலிருந்து வழியும் இலைகள், முகம் சிதைக்கப்பட்ட சிறு உருவங்கள். உயரம் போதாததால் ஒரு தூணின் மேல் இன்னொரு தூணை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கோயில்களுடையவை என்பது செதுக்கலிலேயே தெரியும். அத்தை ஒரு தூணின் மணிச் சங்கிலியை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இந்தச் சங்கிலிக்கு ஒரு கண்ணிகூடத் தப்பாமல் கொத்தியிருக்கானே" என்றார். வெகு நேரம் அங்கேயே நின்றார். இந்த முற்றத்தை அவசரமாகக் கடக்காதீர்கள்.

முற்றத்தின் நடுவில் இரும்புத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழையில் நின்றும் துருப்பிடித்து அரிக்காததற்குக் காரணம் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதும், அதனால் மேலே உருவான மெல்லிய காப்புப் படலமும்தான். இதை விரிவாக ஆராய்ந்தவர் கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். தூணைக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று முன்பு வரிசையில் நிற்பார்கள். இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் தெற்கு வாசலான அலாய் தர்வாசா. இதை அலாவுதீன் கில்ஜி கட்டி முடித்தது 1311இல். அந்த வருடம் நமக்கு மறக்கக்கூடியது இல்லை. அதே 1311இல்தான் அவருடைய தளபதி மாலிக் காபூர் பாண்டிய நாட்டுக்குள் புகுந்து மதுரை வரை வந்து, யானைகளோடும் பொன்னோடும் தில்லி திரும்பினார். ஊரில் பாட்டி சொல்லும் மாலிக் காபூர் கதையின் மறுமுனை இந்த வாசல். வளைவுகளின் உள் விளிம்பில் தாமரை மொட்டு வரிசையைப் பாருங்கள், அவ்வளவு அழகு. வடக்கே மொட்டையாக நிற்கும் அலாய் மினார், குதுப் மினாரைப் போல் இரண்டு மடங்கு உயர வேண்டும் என்று அதே அலாவுதீன் தொடங்கியது. 1316இல் அவர் இறந்ததும் முதல் நிலையோடு நின்றுவிட்டது.

பத்தரை மணிக்கு வெளியே வந்தால் பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. கட்டணம் இல்லை. மரங்களுக்கு நடுவே பல்பன் கல்லறை, ஜமாலி கமாலி பள்ளிவாசல், ராஜோன் கி பாவ்லி என்ற அழகான படிக்கிணறு. கால் வலிப்பவர்கள் படிக்கிணற்றை மட்டும் பார்த்தால் போதும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் துக்ளகாபாத் போகலாமா என்று கேட்பார்கள். குழந்தைகளும் முழங்கால் வலிக்காரர்களும் வேண்டாம், நிழல் கிடையாது. நடக்க முடிந்தவர்கள் கட்டாயம் போங்கள். 1321ஐ ஒட்டிக் கியாசுதீன் துக்ளக் கட்டிய மாபெரும் கோட்டை, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. கோட்டை வேலைக்கு ஆள் வேண்டுமென்று சூஃபி ஞானி நிஜாமுதீன் அவ்லியாவின் குளம் வெட்டும் வேலையைச் சுல்தான் தடுத்தாராம். வங்காளத்திலிருந்து அவர் கோபத்தோடு திரும்பி வருகிறார் என்று சீடர்கள் பயந்தபோது, "தில்லி இன்னும் தூரம்" என்றாராம் அவ்லியா. ஊருக்கு வெளியே அமைத்த வரவேற்புப் பந்தல் சரிந்து 1325இல் சுல்தான் இறந்தார். அவர் மகன் முகமது பின் துக்ளக் தலைநகரையே தக்காணத்துத் தௌலதாபாத்துக்கு மாற்றினார். அவர் காலத்தில்தான் மதுரையில் அவருடைய ஆளுநர் தனிச் சுல்தானாக அறிவித்துக்கொண்டார். உடைந்த மதில் மேல் நின்றுகொண்டு இந்தக் கதையைச் சொன்னால் குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

செவ்வாய்: புராணா கிலாவும் ஹுமாயூனும்

காலையில் புராணா கிலா. உச்ச நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். முன்பு இதன் பெயர் பிரகதி மைதான். முகலாய மன்னர் ஹுமாயூன் தொடங்கி, அவரை விரட்டிய ஷேர் ஷா பிடித்துக்கொண்டு கட்டி, மறுபடி ஹுமாயூனிடமே வந்த கோட்டை. உள்ளே ஷேர் மண்டல் என்ற எட்டுப் பட்டைச் சிறு கோபுரத்தின் படியில் தவறி விழுந்துதான் 1556இல் ஹுமாயூன் இறந்தார். பாண்டவர்களின் இந்திரப்பிரஸ்தம் இதுதான் என்பது நம்பிக்கை. அகழாய்வில் மிகப் பழைய மட்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. புதுதில்லி கட்டும் வரை மதிலுக்குள் இந்த்ரபத் என்ற கிராமமே இருந்தது. 1947இல் அகதி முகாமாகவும் இந்தக் கோட்டை இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் போதும்.

அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் ஹுமாயூன் கல்லறை. தில்லியில் ஒரே ஓர் இடம் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், செங்கோட்டையை அல்ல. ஹுமாயூனின் மனைவி எழுப்பியது. 1570ஐ ஒட்டிக் கட்டி முடிந்தது, அதாவது தாஜ்மகால் வேலை தொடங்குவதற்குச் சுமார் அறுபது ஆண்டு முந்தியது. தோட்டத்தை நான்காகப் பிரித்து நடுவில் நீர் ஓடும் வாய்க்கால், அதன் நடுவில் உயர்ந்த மேடை, மேலே இரட்டைக் குவிமாடம். பிறகு தாஜ்மகாலில் பார்க்கப்போகும் எல்லாமே இங்கே சிவப்புக் கல்லில் முதலில் வந்துவிட்டது. 1857 கலகம் தோற்ற பின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் வந்து ஒளிந்து, பிடிபட்டதும் இங்கேதான். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. அத்தை ஏறவில்லை, வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, தண்ணீரில் குவிமாடத்தின் நிழல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே நல்ல இடம்தான். நுழைவாயிலில் 2024இல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகம் குளுகுளுவென்று இருக்கும், வெயில் நேரத்தை அங்கே கழிக்கலாம்.

பக்கத்திலேயே சுந்தர் நர்சரி. 2018இல் மக்களுக்குத் திறந்த பெரிய தோட்டம், நடுவே பழுது பார்த்த கல்லறைகள். குழந்தைகளை ஓடவிட வேண்டுமானால் இது. மாலை நான்கு மணிக்கு லோதி தோட்டம், கட்டணம் இல்லை. சையத், லோதி சுல்தான்களின் கல்லறைகளைச் சுற்றித் தில்லிக்காரர்கள் நடைப்பயிற்சி செய்வார்கள், வீட்டிலிருந்து பூரி கொண்டுவந்து சாப்பிடுவார்கள். அரை மணி நேரம் புல்லில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். கான் மார்க்கெட் பக்கம் போனால் சுப்பிரமணிய பாரதி மார்க் என்ற பெயர்ப் பலகை கண்ணில் படும். அங்கே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாத தமிழரை நான் பார்த்ததில்லை.

புதன்: ஷாஜஹானாபாத்

இந்த நாளுக்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு வேண்டும். நகையை அறையில் வைத்துவிடுங்கள், பர்ஸை முன்பையில் போடுங்கள், பழைய செருப்பு போடுங்கள்.

காலை எட்டரைக்குச் சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி முதலில் டிபன். பேட்மி பூரியும் உருளைக்கிழங்கு குழம்பும் கேளுங்கள். உளுந்து அரைத்து உள்ளே வைத்த, கொஞ்சம் கரகரப்பான பூரி. குளிர்காலத்தில் வந்தால் தெருவில் வெள்ளைத் துணி மூடிய பெரிய தட்டைத் தேடுங்கள். அது தௌலத் கி சாட். பாலை இரவு முழுக்கக் குளிரில் வைத்து, விடியற்காலையில் கடைந்து எடுத்த நுரை. மேலே குங்குமப்பூ நிறம், கொஞ்சம் பால்கோவா, பொடித்த சர்க்கரை. இலைத் தொன்னையில் எடுத்துத் தருவார்கள். வாயில் வைத்ததும் கரைந்து பால் வாசனை மட்டும் மிஞ்சும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும் என்பதால் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஒன்பதரைக்குச் செங்கோட்டை. ஷாஜஹான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற 1639இல் தொடங்கி 1648இல் முடித்தது. லாகூர் வாசல் வழியாக உள்ளே போனால் கூரையிட்ட கடைத்தெரு, பிறகு மக்களைச் சந்திக்கும் மண்டபமான திவானி ஆம், அதற்குப் பின்னால் பளிங்கில் தனிச் சந்திப்பு மண்டபமான திவானி காஸ். மயிலாசனம் இங்கேதான் இருந்தது, 1739இல் நாதிர் ஷா எடுத்துப் போய்விட்டார். பலர் "இவ்வளவுதானா" என்று கேட்பார்கள். அரண்மனையின் பெரும்பகுதியை 1857க்குப் பின் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்பு கட்டினார்கள் என்பதால்தான் இடைவெளி இடைவெளியாக இருக்கிறது. அந்தக் குடியிருப்புக் கட்டடங்களில் இப்போது அருங்காட்சியகங்கள். நேதாஜி அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். 1945இல் இந்தக் கோட்டையில் விசாரிக்கப்பட்ட மூன்று அதிகாரிகளில் ஒருவரான பிரேம் சேகலைத்தான் ஜான்சி ராணிப் படையை நடத்திய சென்னைப் பெண் கேப்டன் லட்சுமி பின்னர் மணந்தார். சுதந்திர தினத்துக்கு முன் சில வாரங்களும் குடியரசு தினத்தை ஒட்டியும் கோட்டையை மூடுவார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தால் சாந்தினி சௌக். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா வடிவமைத்த தெரு. நடுவில் ஓடிய கால்வாயில் நிலா தெரிந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். 2021இல் கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டரைச் சீரமைத்து, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். என் சிறு வயதில் இந்தத் தெருவில் அப்பா கையை விட்டால் தொலைந்தேன் என்று பயப்படுவேன். இப்போது நிதானமாக நடக்கலாம். ஒரே தெருவில் வரிசையாகச் சமணரின் லால் மந்திர், கௌரி சங்கர் கோயில், குரு தேக் பகதூர் 1675இல் உயிர்விட்ட இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, கடைசியில் ஃபதேபுரி மசூதி. குருத்வாராவுக்குள் தலையில் துணி கட்டிக்கொண்டு போங்கள், லங்கர் என்ற பொதுப் பந்தியில் வயிறாரச் சாப்பாடு உண்டு.

மதியம் பராட்டா சந்தில் நெய்யில் பொரித்த பராட்டா. சைவம்தான், பயப்பட வேண்டாம். இரண்டுக்கு மேல் சாப்பிட முடியாது.

ஃபதேபுரி மசூதியைத் தாண்டியதும் காரி பாவ்லி, மசாலா மொத்தச் சந்தை. தெருவில் காலடி வைத்த உடனே மிளகாய்க் காரம் தொண்டையைப் பிடிக்கும், எல்லோரும் இருமிக்கொண்டே நடப்பார்கள். மூக்குக்குக் கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள். அத்தை ஒரு கடையில் ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பார்த்து, "இது நம்ம போடிப் பக்கத்துச் சரக்கு" என்று தமிழில் சொல்ல, கடைக்காரர் "போடி" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிச் சிரித்தார். முந்திரி, பாதாம், உலர் திராட்சை இங்கே வாங்குங்கள். இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு மூன்றாவதில் வாங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை சந்தை மூடியிருக்கும்.

மாலை நான்கு மணிக்கு மேல் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஜும்மா மசூதி. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். 1650இல் தொடங்கி 1656இல் முடிந்தது, முற்றத்தில் சுமார் 25,000 பேர் தொழலாம். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விட மாட்டார்கள், கை கால் மறைக்கும் உடை வேண்டும். கிழக்குப் படிக்கட்டின் மேல் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்தால் நாள் முழுக்க நடந்த ஊர் கண்முன் விரியும்.

வியாழன்: புதுதில்லி

1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். லட்டியன்ஸும் பேக்கரும் வடிவமைத்த புது நகரம் 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகூட ஆங்கிலேயர்கள் முழுசாக இதில் உட்காரவில்லை.

ராஷ்டிரபதி பவனுக்குள் போக இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 340 அறைகள் கொண்ட இந்த மாளிகையில் முதலில் குடியேறிய இந்தியர் நம் ராஜாஜிதான், 1948இல் கவர்னர் ஜெனரலாக. வெளியே வந்தால் பழைய நாடாளுமன்றத்தின் வட்டமான தூண் வரிசையும், அதன் பக்கத்தில் 2023 மே 28இல் திறந்த புதிய முக்கோணக் கட்டடமும் தெரியும். மக்களவையில் சபாநாயகர் இருக்கை அருகே வைத்திருக்கும் செங்கோல் 1947இல் திருவாவடுதுறை ஆதீனத்துக்காகச் சென்னையில் உம்மிடி பங்காரு குடும்பத்தார் செய்தது.

அங்கிருந்து கிழக்கே நீளும் சாலை கிங்ஸ்வேயாக இருந்து ராஜ்பத் ஆகி, 2022இலிருந்து கர்தவ்ய பத். வாய்க்கால் ஓரம் நடந்தே இந்தியா கேட் வரை போகலாம். முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் இறந்த வீரர்களின் பெயர்கள் அதன் சுவரில். பக்கத்தில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகம். வட்ட வட்டமான சுவர்களில் சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்ட வீரர்களின் பெயர்கள். தமிழ்ப் பெயர்களைத் தேடிப் படித்துக்கொண்டே நடந்தோம். அங்கே சத்தம் போடாதீர்கள்.

இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம். அதில் ஐந்தாம் ஜார்ஜ் சிலை இருந்தது, 1968இல் அகற்றினார்கள். என் சிறு வயது முழுக்க அது காலி மண்டபம். 2022 செப்டம்பரிலிருந்து 28 அடி உயரக் கருங்கல் நேதாஜி நிற்கிறார். எடுத்துப் போன ஜார்ஜ் சிலையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வடக்கே ஜி.டி.பி. நகர் மெட்ரோவிலிருந்து ஆட்டோவில் கரோனேஷன் பூங்காவுக்குப் போகலாம். தர்பார் நடந்த அதே திடலில் நிற்கிறது.

மதியம் தேசிய அருங்காட்சியகம். மொகஞ்சதாரோ நாட்டிய மங்கை இங்கேதான். படத்தில் பெரிதாகத் தெரியும் அவள் உண்மையில் 10.5 சென்டிமீட்டர்தான், ஒரு சாணுக்கும் குறைவு. சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவரங்குளம் நடராஜரைக் கேட்டுப் பாருங்கள். காலைத் தூக்கி ஆடாமல், முட்டி மடக்கிய சதுர தாண்டவம். இந்த அருங்காட்சியகத்தை ராஷ்டிரபதி பவன் முன்னுள்ள வடக்கு, தெற்கு பிளாக் அரசுச் செயலகக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது, ஆகவே கிளம்பும் முன் விவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைக்கு இரண்டு வழி. நடக்க முடிந்தவர்கள் நிஜாமுதீன் தர்காவுக்குப் போங்கள். வியாழன் மாலை கவ்வாலி என்ற சூஃபிப் பாட்டு நடக்கும். அவ்லியாவின் சமாதியும் அவருடைய சீடர் அமீர் குஸ்ரோவின் சமாதியும் எதிரெதிரே. சந்து குறுகல், நெரிசல் அதிகம். வயதானவர்கள் பங்களா சாஹிப் குருத்வாராவின் குளக்கரையில் அமர்ந்துவிடலாம், கன்னாட் பிளேஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வெள்ளி: மாறிய தில்லியும் நம் தில்லியும்

எந்தச் சுற்றுலா பஸ்ஸும் காட்டாத நாள் இது. எனக்கு நெருக்கமானதும் இதுதான்.

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் எல்லாம் மத்திய அரசு ஊழியர்களின் இரண்டு மாடிக் குடியிருப்புகள். ஊரிலிருந்து குமாஸ்தாவாக வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடங்கள். வேப்பமரம், வாசலில் கோலம், மார்கழியில் பஜனை. அவற்றை இடித்துவிட்டு இப்போது கோபுரங்கள் எழுப்பியிருக்கிறார்கள். நாங்கள் இருந்த வீட்டின் அடையாளமாக ஒரு செங்கல்கூட இல்லை. அத்தை 1983இல் வந்து எங்களோடு இரண்டு மாதம் தங்கியிருந்தார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "பால் பூத் எந்தப் பக்கம்டா இருந்தது?" என்று கேட்டார். கையை நீட்டினேன். அங்கே கண்ணாடிச் சுவர். சரோஜினி நகர் துணிச் சந்தை மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்வெட்டரும் குழந்தைத் துணியும் மலிவு, சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்குங்கள்.

பிரகதி மைதானத்திலும் இதே கதை. 1972இல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017இல் இடித்தார்கள். இப்போது பாரத் மண்டபம். அதன் முன் நிற்கும் 27 அடி நடராஜர் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்தது, 2023இல் ஜி20 மாநாட்டுக்காக வந்தது. வர்த்தகக் கண்காட்சி, புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் உள்ளே போய்ப் பக்கத்தில் பார்க்கலாம். கும்பகோணத்துக்காரர் அல்லவா, அத்தை தன் ஊர்க்காரர் வீட்டுக்கு வந்ததுபோல நின்றார். "நம்ம ஊர் மண்ணுல கருக்கட்டி வார்த்தது" என்று பக்கத்தில் நின்ற பஞ்சாபி அம்மாளிடம் தமிழிலேயே விளக்கினார்.

மதியம் ஆர்.கே.புரம். ஐந்தாம் செக்டாரில் 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம். நூலகத்தில் ஊர்ப் பத்திரிகைகளைப் புரட்டலாம், மாலையில் கச்சேரியோ நாடகமோ இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஐந்து மணிக்கு மலை மந்திர். வசந்த் விஹார் மெட்ரோவிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம். சிறு குன்றின் மேல் உத்தர சுவாமிமலை சுவாமிநாதர், 1973இல் குடமுழுக்கு நடந்த கருங்கல் கோயில். "யாமிருக்க பயமேன்" என்று எழுதியிருக்கும். கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர் சன்னதி. மதியம் நடை சாத்தியிருக்கும், சாயரட்சைக்குள் போய்விடுங்கள். படி ஏறும்போது அவசரப்படாமல் இரண்டு இடத்தில் நின்று ஏறினால் முழங்கால் வலி தெரியாது. மேலே பிராகாரத்தில் காற்று வரும், மயில் அகவும், தெற்கே ஊர் விளக்குகள் ஏற்றத் தொடங்கும். திங்கட்கிழமை நாம் தொடங்கிய மெஹ்ரோலி அந்தப் பக்கம்தான் என்று அத்தைக்குக் காட்டினேன். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரவு ரயில் பிடிப்பவர்கள் எட்டு மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆட்டோ கிடைக்க நேரமாகும்.